பாகவதர் படங்கள் ஏன் தோற்றன?

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ என்னும் படம், சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நான்கே ஆண்டுகள் கழித்து, அதன் நாயகரான எம்.கே. தியாகராஜ பாகவதர் தாமே முன்னின்று எடுத்த ‘ராஜமுக்தி’ மக்களால் கைவிடப்பட்டது. 1952இல் வந்த ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் அவ்வாறே போயின. 1957இல் அவரே இயக்கிய ‘புதுவாழ்வு’ம் தப்பவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சிவகாமி’யைக் காண அவரும் இல்லை; காண வேண்டிய கூட்டமும் இல்லை. நாட்டையே தம் குரலால் கட்டியிழுத்த ஒருவரை அதே நாடு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? இவ்வினாவைத்தான் இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டோம்.

மார்க்கக் கல்வி பயின்றோர் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் உண்டு. படம் பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்பது ஃபத்வாவுக்குரிய வினா. அதற்குரிய இடம் வேறு. நாம் கேட்பது இலக்கிய வினா. கலையொன்று ஓரவையில் வெல்வதும் மற்றோரவையில் தோற்பதும் எதனால் என்பது, கவிதைக்கும் பொருந்தும். மேடைப் பேச்சுக்கும் பொருந்தும். ரபீஉல் அவ்வலில் நாம் நடத்தும் சீறா வாசிப்புக்கும் பொருந்தும். தோல்வி வந்தபோதெல்லாம் கேட்போர்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோகும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால் இதனைப் பேசாமலிருக்க இயலவில்லை.

பாகவதர் நம் காவிரி நாட்டு மனிதர். 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் பிறந்தவர், திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். அவரைத் திரைக்குக் கொண்டுவந்த ‘பவளக்கொடி’யை 1934இல் இயக்கிய கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். அவருக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்றவர் பெயரிலேயே ஊரைச் சுமந்த பாபநாசம் சிவன். ‘ஹரிதாஸ்’ நாயகி டி.ஆர். ராஜகுமாரி தஞ்சையில் பிறந்தவர். மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் அதே 1934இல்தான். புதுத் தண்ணீரும் புதுப் பாட்டும் தஞ்சைத் தரணிக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன எனலாம்.

‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ 50 பாட்டுகள். இன்றைய இளைஞர் கேட்டால் நகைப்பர். ஆயின், அன்று கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் கதை கேட்க வந்தவர்களல்லர். பவளக்கொடி கதை நாடக மேடையில் பன்முறை பார்த்துப் பழகிய கதை. அவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள். நாடகக் கம்பெனி ஊருக்கு வந்தால்தான் கேட்கமுடியும் என்றிருந்த உயர்ந்த சங்கீதம், சில அணாக்களுக்குத் தரை டிக்கெட்டில் மணல்மேல் உட்கார்ந்திருக்கும் உழவனுக்கும் கிடைத்தது. டெண்டுக் கொட்டகையில் ஒற்றை இயந்திரம். சுருள் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் சோடாவும் கையிலே. அடுத்த சுருளில் என்ன நடக்குமென்ற கவலை அக்கூட்டத்திற்கு இல்லை. அடுத்த பாட்டு எப்போது என்பதே கவலை. 1937இல் ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடியதும் இதனாலேதான். ‘ஹரிதாஸ்’ இவ்வரிசையின் உச்சி. பெற்றோரைத் துரத்திவிட்டுக் கணிகையின் பின்னே சென்ற மகன், கால்களை இழந்து, மனம் திருந்தி, பெற்றோருக்கே பணிவிடை செய்து வாழும் கதை அது. சமய வேறுபாடு கடந்து எவ்வீட்டுத் தாயும் கண்ணீர் விடக்கூடிய பொருள்.

அதன்பின் நடந்தது யாவரும் அறிந்ததே. ‘இந்துநேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்டார். டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் அவ்வழக்கில் கைது செய்யப்பட்டனர். தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலையாயினர்.

பாகவதர் தோல்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

சிறைக்கறை என்பர் சிலர். கறையென்றால் அது இருவருக்கும் ஒன்றுதானே? உடன் சிறைசென்ற என்.எஸ். கிருஷ்ணன் 1949இல் அண்ணாதுரை எழுத ‘நல்லதம்பி’யில் நடித்தார். 1951இல் ‘மணமகள்’ படத்தைத் தாமே இயக்கி வெற்றி கண்டார். மக்கள் அவரைக் குறைவாக வரவேற்றார்களென்று எவரும் சொல்லமாட்டார். எனவே கறை என்னும் காரணம் நில்லாது.

குரல் போய்விட்டது என்பர் வேறு சிலர். ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ இசைத்தட்டுகளைக் கேட்கும் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். முதிர்ந்திருக்கிறது, குன்றவில்லை. நம் செவிக்கு அவற்றுள் சில முந்தியவற்றினும் கனிந்தவையாகவே படுகின்றன.

எழுத்து நன்றாயில்லை என்பரோ? ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதியவர் புதுமைப்பித்தன். தமிழ் உரைநடையில் அவருக்கு ஈடு சொல்ல நம்மால் ஒருவரைக் காட்ட முடியுமா? அப்படத்துக்காகப் புனே சென்ற இடத்திலேதான் காசநோய் அவரைப் பற்றியது; 1948இல் அவர் உயிரையும் விட்டார். படம் வெளிவந்தபோது எழுதியவர் இல்லை. நடிகையரிலும் குறையில்லை: ‘அமரகவி’யில் பாகவதருக்கு இணை, ‘ஹரிதாஸி’ல் கூட்டத்தைக் கிறங்கவைத்த அதே ராஜகுமாரி. ஆக, குரல் நன்று, பாட்டு நன்று, எழுத்து நன்று, நடிப்பும் பழுதில்லை. எல்லா உறுப்பும் செவ்வையாயிருந்தும் உயிர் நிற்கவில்லை.

எஞ்சியது, விதி என்று கையை விரிப்பதும், மக்களுக்கு ரசனை கெட்டுவிட்டது என்று ஏசுவதும். முன்னது ஆராய்ச்சியன்று. பின்னதை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். கற்றோர் பலரும் ஒதுங்கி நிற்கும் நிழல் அதுவே.

நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் பாடநூல்களுள் ‘தல்கீஸுல் மிஃப்தாஹ்’ ஒன்று. ஹிஜ்ரி 739இல் மறைந்த கத்தீபுல் கஸ்வீனீ இயற்றியது. சொல்வன்மை நூலாகிய இல்முல் பலாகாவில் நம் மாணவர் கற்கும் முதற்பாடமே ஃபஸாஹத் வேறு, பலாகத் வேறு என்பதுதான். சொல் பிழையின்றி, செவிக்கினிதாய், தெளிவாய் இருப்பது ஃபஸாஹத். அத்தகைய சொல், கேட்பவன் இருக்கும் நிலை எதை வேண்டுகிறதோ அதற்குப் பொருந்தி நிற்பது பலாகத். அந்த வேண்டுகையைத்தான் ‘முக்தளல் ஹால்’ என்பர். ஃபஸாஹத் இல்லாமல் பலாகத் இல்லை. ஆனால் பலாகத் இல்லாமல் ஃபஸாஹத் மட்டும் இருக்கமுடியும். அழகாகப் பேசியும் தோற்கமுடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக வேறெந்த நூலும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்கொரு பழைய நிகழ்ச்சியை அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ எடுத்துக்காட்டுவார். தத்துவ மேதை அல்கிந்தீ, இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் சென்று, அரபியர் பேச்சில் வெற்றுச் சொற்கள் மலிந்துள்ளன என்று குறைகூறினாராம். அப்துல்லாஹ் நிற்கிறான் என்பதையே ஒருமுறை வெறுமனே சொல்கிறார்கள். ஒருமுறை ‘இன்ன’ சேர்த்துச் சொல்கிறார்கள். ஒருமுறை அதன்மேல் ‘லாம்’ ஒன்றும் ஏற்றுகிறார்கள். பொருள் ஒன்றுதானே என்பது அவர் வினா. இலக்கணியோ, மூன்றும் மூன்று பேருக்குச் சொல்லப்பட்டவை என்று விடையிறுத்தார். முதலாவது, செய்தியே அறியாதவனுக்கு; இரண்டாவது, ஐயுற்றுக் கேட்பவனுக்கு; மூன்றாவது, மறுப்பவனுக்கு. காலித் திஹ்ன், முதரத்தித், முன்கிர் என இம்மூவரையும் பிற்கால நூலார் பெயரிட்டு வைத்தனர்.

நம் பக்கத்து வழக்கில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வெளியூர் போய்வந்த குடியானவனிடம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் போதும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வருமா வராதா என்றிருப்பவனிடம், வந்தேவிட்டது என்று ஓர் ஏகாரம் கூட்டவேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 12 என்று நாள் குறித்துக் காத்து, காத்து, ஏமாந்து போன கடைமடைக்காரனிடம் இவ்விரண்டும் செல்லா. என் கண்ணால் பார்த்தேன், சத்தியமாக வந்துவிட்டது, வா என்று கையைப் பிடித்து இழுத்துச்சென்று காட்டவேண்டும். தண்ணீர் ஒன்றே, கேட்பவன் வேறு. கடைமடைக்காரனிடம் முதல் வாக்கியத்தையே மூன்றுமுறை இனிய குரலில் பாடிக்காட்டினால் அவன் எழுந்திருப்பானா? பாகவதருக்கு நேர்ந்தது இதுவே என்பது நம் கருத்து.

1934இலும் 1944இலும் மணலில் அமர்ந்திருந்தவன் மறுப்பவனல்லன். அரசன் கதையென்றால் அரசன் கதை. அடியார் கதையென்றால் அடியார் கதை. கொடுத்ததை ஏற்கும் திறந்த மனத்தோடு வந்தான். அதன்பின் நாட்டில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், கட்டிய துணியோடு ரங்கூனிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள் எத்தனைபேர்! கூத்தாநல்லூர், நாகூர் போன்ற நம் ஊர்களில் பர்மா, மலேயாக் கப்பல் வாணிபத்தை நம்பியிருந்த வீடுகளில் இதன் வடு இன்னும் பேச்சில் வரும். பின்னர் ரேஷன் அரிசி, பின்னர் விடுதலை, நாட்டுப் பிரிவினையின் துயரம். கீழத்தஞ்சையிலோ பண்ணையாள்கள் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் செங்கொடியின் கீழ் தலைநிமிரத் தொடங்கிவிட்டனர். 1952இல் முதற் பொதுத்தேர்தல். அதே 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். தலைமுறை தலைமுறையாக ‘ஆகட்டும் ஐயா’ என்றே பழகிய நாவு, ‘ஏன்?’ என்று கேட்கக் கற்றுக்கொண்ட ஆண்டு அது.

அந்த 1952இல், அந்த மனிதனிடம், ‘அமரகவி’ சென்றது. அதே ஆண்டு தீபாவளிக்கு, அக்டோபர் 17இல், ‘பராசக்தி’யும் சென்றது.

‘பராசக்தி’யின் வசனகர்த்தர் மு. கருணாநிதி, திருக்குவளைக்காரர். அதில் முதன்முதலாகத் திரைக்கு வந்த சிவாஜி கணேசனின் குடும்பத்துக்குச் சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து வேட்டைத்திடல். வீழ்ந்தவரும் இந்நாட்டார், எழுந்தவர்களும் இந்நாட்டார் என்பதைப் படிப்போர் நினைவில் கொள்க. காவிரி எவரையும் தள்ளவில்லை. ரங்கூனிலிருந்து தங்கையின் திருமணத்துக்கு வரும் தமையன், போர்க்காலத்தில் சென்னையில் இறங்கிப் பொருளை இழக்கிறான், பித்தனைப்போல் அலைகிறான், கைம்பெண்ணாகிக் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கும் தங்கையைக் காண்கிறான், கடைசியில் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறான். இக்கதை வேறெங்கோ நடந்ததாகப் படம் பார்த்தவனுக்குத் தோன்றவில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவன் அவன் தெருவிலேயே இருந்தான்.

அந்தப் பேச்சு நீளமானது. அடுக்குமொழியும் எதுகையும் மோனையும் கொண்டது. தூய்மை விரும்பிகள், எந்தப் பாமரன் நீதிமன்றத்தில் இப்படிப் பேசுவான் என்று கேட்டனர். இயல்பன்று என்பது மெய். ஆயினும் அங்கே இருந்த கூட்டம் மறுக்கும் கூட்டம். மறுப்பவனுக்குச் சொல்லும்போது உறுதிச்சொல்லை அடுக்குவதுதான் பலாகத்தின் விதி. நம் நூலார் பயனோடு விரித்துரைப்பதை இத்னாப் என்றும், பயனின்றி நீட்டுவதைத் தத்வீல் என்றும் பிரித்தனர். ‘பராசக்தி’யின் நீளம் முதல்வகை. அதன் வசனத்தை மனப்பாடம் செய்து தெருவில் முழங்கிய இளைஞர்களே அதற்குச் சாட்சி. அதே அளவு நீளமுள்ள பாட்டு, கேட்கும் மனம் மாறிய பின்னர் இரண்டாம் வகையில் விழுந்துவிட்டது. பாட்டு மாறவில்லை, அதன் பெயர் மாறிவிட்டது. (அப்படம் சமயத்தைப்பற்றிச் சொன்னவை நமக்கு உடன்பாடா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. படத்தைத் தடைசெய்யவேண்டுமென்று அன்று எழுந்த கூக்குரலும் நாம் அறிந்ததே. எதிராளி நன்றாகப் பேசினான் என்று ஒப்புக்கொள்ள மாட்டாதவன் சொற்கலையைப்பற்றி எழுதப் புகலாகாது.)

தமிழ் மரபிலும் இதற்கு வழியுண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். பாகவதர் படங்கள் அழுகையையும் உவகையையும் மாறிமாறி மீட்டிப் பக்தியில் கொண்டுபோய் நிறுத்தின. ‘பராசக்தி’ தொட்டது வெகுளியை. வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எண்ணியவற்றுள் தன் குடிக்கு இழைக்கப்படும் கேடும் உண்டு; அடித்தும் வைதும் அலைக்கப்படுதலும் உண்டு. கீழத்தஞ்சைப் பண்ணையாளுக்கு இவ்விரண்டும் ஏட்டில் படித்து அறியவேண்டியவையா? அவனுக்குள் அந்த மெய்ப்பாடு இருந்தது, வெளியிடத்தான் உரிமையில்லாதிருந்தது. கொட்டகை இருட்டில் அது கிடைத்தது.

இவ்வளவு சொன்னபின் ஒரு தடை எழும். அப்படியானால் கலைஞன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கூத்தாடவேண்டியவன்தானா? மக்கள் வேண்டுவதைக் கொடுப்பதே பலாகத் என்றால் சந்தைக் கடைக்காரனுக்கும் கவிஞனுக்கும் வேறுபாடென்ன? நியாயமான தடை. இதற்கு மறுமொழி சொல்ல வேறொரு தோல்வியைப் பார்த்தாக வேண்டும்.

1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனத்தார் ‘அந்த நாள்’ என்றொரு படத்தை வெளியிட்டனர். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம், நடனமும் இல்லை. சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டு நாளையொட்டி, ரேடியோப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். கொன்றவர் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும் வேறாக இருக்கிறது. சாட்சிகளை நிறுத்துப் பார்க்கும் ஹதீஸ் கலையில் பயின்ற எவருக்கும் இப்படம் தனிச்சுவை தரும். சொல்பவன் யார், அவனுக்கு அதில் என்ன நாட்டம் என்று கேட்டுக்கொண்டே பார்க்கலாம். நாட்டின் விருதுப் பட்டியலில் தகுதிச் சான்றிதழும் பெற்றது. ஆயினும் வெளிவந்தபோது தோற்றது.

இங்கே நடந்தது பாகவதர் தோல்விக்கு நேர்மாறு. ‘பராசக்தி’யில் நீதிமன்றத்தை அதிரவைத்த சிவாஜி கணேசன் இப்படத்தின் தொடக்கத்திலேயே பிணமாகக் கிடக்கிறார், பிறகு நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாகவும் தெரியவருகிறார். பாட்டில்லை, அழுது தீர்க்க இடமில்லை. குறைவான சொல்லில் நிறைந்த பொருள் தருவது ஈஜாஸ். பொருள் சிதையும்படி குறைத்துவிடுவது இக்லால். ‘அந்த நாள்’ ஈஜாஸ்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்றைய கூட்டத்தின் செவியில் அது இக்லாலாக விழுந்தது. விருந்தென்று அழைத்துவிட்டு இலையில் பாதி பதார்த்தங்களை நிறுத்திக்கொண்டதுபோல் அவர்களுக்குத் தோன்றிற்று. பின்னாளில் மீண்டும் திரையிட்டபோது அதே படத்தை மக்கள் விரும்பிப் பார்த்தனர். இன்று அதனைத் தமிழின் சிறந்த படங்களுள் வைத்துப் பேசுகிறார்கள்.

ஆகவே தோல்விகளெல்லாம் ஓரினமல்ல. ‘ராஜமுக்தி’ கேட்பவன் விட்டுச்சென்ற இடத்தில் நின்று அவனை அழைத்தது. ‘அந்த நாள்’ அவன் இன்னும் வந்துசேராத இடத்தில் போய்க் காத்திருந்தது. முன்னதற்குக் காலம் உதவாது. பின்னதற்குக் காலம் உதவும். காத்திருக்கும் துணிவு சிலருக்கு உண்டு. மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ 1978இல் வெளிவந்தபோது முதற்சில வாரங்கள் கொட்டகைகள் காற்றாடின. பார்த்தவர் சொல்லக் கேட்டே கூட்டம் திரண்டது. கூட்டத்தின் நிலையை அறிவதென்றால் அதற்கு அடிபணிவது என்று பொருளில்லை. மறுப்பவனுக்கு ஆணையிட்டுச் சொல்பவன் அவனுடைய மறுப்பை ஏற்றுக்கொண்டா சொல்கிறான்? அவனை மாற்றத்தானே அத்தனை பாடு!

எளிதில் வென்றவையும் உண்டு. 1955இல் வந்த ‘குலேபகாவலி’யை இயக்கிய டி.ஆர். ராமண்ணா, ராஜகுமாரியின் உடன்பிறந்தவர். வசனம் தஞ்சை ராமையாதாஸ். மூலக்கதை நம்மவர் அறிந்த பாரசீகக் கதை. 1803இல் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்காக நிஹால் சந்த் லாஹோரீ அதனை உருதுவில் ஆக்கினார். கண்ணிழந்த அரசனுக்குப் பார்வை தரும் மலரைத் தேடிச்செல்லும் மகன், வழியில் புலிச்சண்டை, சூதாட்டம், மாயம். கூட்டம் மகிழ்ந்தது. ‘அமரகவி’யில் கரைசேராத ராஜகுமாரி இதில் கரைசேர்ந்தார். கதையைக் கதையாகவே சொல்லி, நம்பு என்று எவரையும் வற்புறுத்தாத படம் இது. நம்பச் சொல்லாதவனை மறுப்பவன் யார்? ஆகையால் அதற்கு அந்த இடர்ப்பாடே எழவில்லை. இவ்வெற்றியைப் பெரிதாகப் பாராட்ட நமக்கு மனமில்லை, குறைகூறவும் காரணமில்லை.

‘ராஜமுக்தி’யில் சிறு வேடமேற்று ஒரு நடிகர் பாகவதரின் பின்னே நின்றார். அவர் எம்.ஜி. இராமச்சந்திரன். பத்தாண்டு கழித்து, 1958இல், தம் பொருளையெல்லாம் பணயம் வைத்து ‘நாடோடி மன்ன’னை எடுத்தார். அதுவும் அரசன் கதையே. வாளும் முடியும் அரண்மனையும் அதிலும் உண்டு. ஆயின் அரசனைப்போலவே முகமுள்ள ஒரு நாடோடி அரியணையில் அமர்ந்து, ஏழைகளுக்குச் சட்டம் செய்கிறான். பழைய பாண்டத்தில் புதிய உணவு. அதன் வசனத்தைக் கண்ணதாசனோடு சேர்ந்து எழுதிய ரவீந்தர், நாகூர்க்காரர்; காஜா முகையதீன் என்பது அவர் இயற்பெயர். நம் சமூகத்து எழுத்தாளர் ஒருவர் தமிழகம் முழுதும் கைதட்டிய சொற்களை எழுதினார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறியார். பாகவதரின் பின்னே நின்றவர் அவர் காணத் தவறியதைக் கண்டுகொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. அரண்மனையை மக்கள் வெறுக்கவில்லை. அதனுள்ளே தமக்கும் இடம் கேட்டார்கள்.

அண்மைக் காலத்தில் இதே மண்ணின் சோழர் கதை, ‘பொன்னியின் செல்வன்’ என இரு பாகமாய் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தது. ஒரே இயக்குநர், அதே நடிகர்கள். முதற்பாகத்துக்கு இருந்த ஆரவாரம் இரண்டாவதற்கு இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த கதையைத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்த வீடுகள், வந்தியத்தேவன் முகம் எப்படியிருக்கும் என்று எழுபதாண்டு காத்திருந்தன. முதற்பாகம் அந்தத் தாகத்துக்கு நீர் வார்த்தது. முகத்தைப் பார்த்தாயிற்று, இரண்டாம் பாகத்துக்கு வந்தவர்கள் வேறொன்று வேண்டி வந்தார்கள். எட்டே மாதத்துக்குள் கேட்போர் நிலை மாறக்கூடுமென்றால், இரண்டாண்டுக்கு மேல் நீண்ட சிறையிலிருந்து வெளியே வந்த மனிதர் என்ன செய்வார், பாவம்! அவ்வாண்டுகளில் மாறியதை அவருக்கு எடுத்துச்சொல்லும் உண்மை நண்பர் ஒருவரும் இல்லாது போனார் போலும். புகழ் மிகுந்தோரைச் சுற்றி அத்தகைய நண்பர் குறைவு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842இலேயே அச்சில் ஏற்றிய சமூகம் நம்முடையது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அதன் விருத்தங்களை இரவுதோறும் ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள்விரிக்க, பந்தலும் திண்ணையும் நிறைந்திருந்த காலம் ஒன்றுண்டு. இன்று அவ்வாசிப்பு நடக்கும் ஊர்கள் சிலவே. பிள்ளைகளைத் திரைப்படமும் கைப்பேசியும் கொண்டுபோய்விட்டன என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். பிராட்வே கொட்டகையிலும் 1948இல் யாரோ ஒருவர் இப்படித்தான் எதையோ பழித்திருப்பார்.

சீறா அவையில் கூட்டத்தைப் பிடித்து வைத்தவர் படிப்பவர் மட்டுமல்லர். அவர் வாசித்தது ஃபஸாஹத். அருகில் அமர்ந்து பொருள் சொன்னவரே அதனைப் பலாகத் ஆக்கினார். ஹிஜ்ரத்துக் காண்டம் வரும்போது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் முகத்தைப் பார்த்து நிறுத்துவார். பஞ்ச காலத்தில் அபூதாலிபின் கணவாய்த் துன்பத்தை விரிப்பார். பெண்கள் திரைக்கப்பால் விம்முவது கேட்டால் அடுத்த விருத்தத்தைச் சற்றுத் தாமதிப்பார். அவருடைய இடம் பல ஊர்களில் காலியாகிவிட்டது. நூல் இருக்கிறது, இராகம் தெரிந்தவர்கூட இருக்கிறார், பொருள் சொல்பவர் இல்லை. இருக்கும் சிலரோ, தம் ஆசிரியர் 50 ஆண்டுக்கு முன் சொன்ன உவமைகளையே சொல்கிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் கணினி முன்னே அமர்ந்திருக்கும் மகன் விடுமுறைக்கு ஊர் வந்து அவ்வவையில் ஒரு நாழிகை உட்கார்ந்தால் அவனுக்கு விளங்கும் உவமை ஒன்றும் வருவதில்லை. அவன் மறுப்பவனா, ஐயுறுபவனா, அறியாதவனா என்று கூட நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

நாகூர் இ.எம். ஹனீபா இதனை ஏட்டில் படிக்காமலேயே அறிந்திருந்தார். மறையும்வரை, 2015 வரை, அவர் குரலுக்கு ஊரெங்கும் செவி இருந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்கவேண்டும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் சொல் விளங்கவேண்டும். அடுத்த தெரு மாற்றுமதச் சகோதரரும் நின்று கேட்கவேண்டும். அதற்கேற்ற சொல், அதற்கேற்ற மெட்டு, அதற்கேற்ற கம்பீரம். இசை நுணுக்கத்தில் பாகவதர் அவரினும் மேம்பட்டவர் என்று வித்துவான்கள் சொல்லக்கூடும், நாம் மறுக்கவில்லை. வரும் ரபீஉல் அவ்வலில் சீறா வாசிப்பு நடத்தவிருக்கும் ஜமாஅத்தார், படிப்பவருக்கு முன்னதாகப் பொருள் சொல்பவரைத் தேடட்டும். வயதில் இளையவராக இருந்தாலும் குற்றமில்லை.